ஓடுடைய கணுக்காலிகளின் வேதித் தொடர்பாடல்

ஓடுடைய கணுக்காலிகளின் வேதித் தொடர்பாடல் என்பது நண்டு, இறால், சிங்கி இறால், கொட்டலசு, துடுப்புக்காலி முதலான விலங்குகள் நீரில் வேதிப்பொருட்களை வெளியிட்டும், பிற விலங்குகள் வெளியிட்டவற்றை உணர்ந்தும் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறையைக் குறிக்கும். இணையைக் கண்டறிதல், எதிராளியை அடையாளம் காணுதல், இளம் உயிரிகளை உரிய வேளையில் நீரில் விடுதல், குடியேறும் இடத்தைத் தேர்ந்தெடுத்தல், ஆபத்தையும் நோயையும் தவிர்த்தல் ஆகிய செயல்களில் இம்முறை முக்கியப் பங்கு வகிக்கின்றது.

ஓடுடைய கணுக்காலிகளில் 60,000க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை நீரில் வாழ்பவை. கலங்கிய நீரிலும், ஆழ்கடல் இருளிலும், இரவு வேளைகளிலும் கண்பார்வையால் கிடைக்கும் பயன் குறைவு. ஆகவே இவ்விலங்குகளின் வாழ்வில் மோப்பமும் சுவையும் முதன்மையான புலன்களாக விளங்குகின்றன. நண்டு, சிங்கி இறால் போன்ற பத்துக்காலிகளில் செய்திகளின் பெரும்பகுதி சிறுநீரின் வழியாகவே வெளியாகின்றது. விலங்கின் பால், தோலுரிப்பு நிலை, வலிமை, உடல்நலம் ஆகியவற்றைப் பற்றிய தகவல் அதில் அடங்கியிருக்கின்றது.

சொற்பொருள்

ஒரு விலங்கு வெளியிட்டு, அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு விலங்கின் நடத்தையிலோ உடலியக்கத்திலோ மாற்றத்தை உண்டாக்கும் வேதிப்பொருள் பெரோமோன் எனப்படும். இச்சொல்லைப் பீட்டர் கார்ல்சன், மார்ட்டின் லூஷர் ஆகியோர் 1959 ஆம் ஆண்டில் உருவாக்கினர். ஓர் இனம் வெளியிடும் பொருளை வேறோர் இனம் உணர்ந்து, உணர்ந்த இனமே அதனால் நன்மை பெறுமாயின் அப்பொருள் கைரோமோன் எனப்படும். கொன்றுண்ணியின் மணத்தை இரை விலங்கு உணர்ந்து தப்புவது இதற்கு எடுத்துக்காட்டாகும்.

சமிக்ஞை, குறிப்பு ஆகிய இரண்டையும் வேறுபடுத்துவது வழக்கம். செய்தி தெரிவிப்பதற்கென்றே படிவளர்ச்சியில் உருவானது சமிக்ஞை. வேறு காரணத்தால் வெளியாகி, பிற விலங்குகளுக்குத் தற்செயலாகத் தகவலாக அமைவது குறிப்பு. ஓடுடைய கணுக்காலிகளில் இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லை தெளிவானதன்று. கழிவாக வெளியேறும் பொருள் முதலில் குறிப்பாக இருந்து, பின்னர் சமிக்ஞையாக மாறியிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

நீர் என்னும் ஊடகம்

காற்றில் பரவும் மணத்துக்கும் நீரில் பரவும் மணத்துக்கும் அடிப்படையான வேறுபாடுகள் உள்ளன. மூலக்கூறுகளின் விரவல் காற்றை விட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாக நிகழ்கின்றது. எனவே நீரோட்டம் இல்லாத இடத்தில், ஒரு நண்டு வெளியிட்ட பொருள் விரவல் ஒன்றினால் மட்டும் அடுத்த நண்டைச் சென்றடைய மிக நீண்ட காலம் பிடிக்கும். இதனால் இவ்விலங்குகள் தாமே நீரோட்டத்தை உண்டாக்கிச் செய்தியை அனுப்புகின்றன.

காற்றில் மணமாகப் பரவுவதற்கு ஒரு பொருள் எளிதில் ஆவியாக வேண்டும். நீரில் பரவுவதற்கு அது கரைந்தால் போதும். ஆகவே நிலத்தில் மணமற்றவையாகத் தோன்றும் அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள், நியூக்ளியோட்டைடுகள் போன்றவை நீரில் சிறந்த செய்திப் பொருட்களாகப் பயன்படுகின்றன.

நீரில் மணம் சீராகப் பரவுவதில்லை. கலக்கத்தினால் அது மெல்லிய இழைகளாகப் பிரிந்து செல்கின்றது. மணம் மிக்க இழைக்கு அருகிலேயே மணமற்ற நீரும் இருக்கும். இந்த இழைகள் வந்து மோதும் இடைவெளியையும் செறிவையும் கொண்டே விலங்கு மணத்தின் மூலத்தை நோக்கிச் செல்கின்றது.

மோப்ப உறுப்புகள்

பூச்சிகளுக்கு ஒரு சோடி உணர்கொம்புகள் உள்ளன. ஓடுடைய கணுக்காலிகளுக்கு இரண்டு சோடிகள் உள்ளன. அவற்றுள் முதற் சோடி பொதுவாகச் சிறியது. மோப்பத்துக்கு முதன்மையானது இதுவே. பத்துக்காலிகளில் இச்சிறு உணர்கொம்பின் வெளிக்கிளையில் மெல்லிய சுவருடைய மோப்ப மயிர்கள் வரிசையாக அமைந்துள்ளன. கரிபியன் கடலில் வாழும் பானுலிரஸ் ஆர்கஸ் என்னும் முட்சிங்கி இறாலில் ஒவ்வொரு மோப்ப மயிருக்குள்ளும் ஏறத்தாழ 300 மோப்ப நரம்பணுக்களின் முனைகள் நீண்டுள்ளன. இவற்றிலிருந்து செல்லும் நரம்புகள் மூளையின் மோப்ப மடலை அடைகின்றன.

நண்டோ சிங்கி இறாலோ தன் சிறு உணர்கொம்பை விட்டுவிட்டு உதறுவதை மீன்தொட்டியிலும் காணலாம். இது மனிதர் மூக்கை உறிஞ்சி முகர்வதற்கு ஒப்பான செயலாகும். மயிர்கள் நெருக்கமாக அமைந்திருப்பதால் மெதுவாக அசைக்கும்போது நீர் அவற்றுக்கு இடையே புகுவதில்லை. வேகமாகக் கீழ்நோக்கி வீசும்போது பழைய நீர் வெளியேறிப் புதிய நீர் உள்ளே புகுகின்றது. பின்னர் உணர்கொம்பு மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்பும்போது அந்நீர் மயிர்களுக்கு இடையே தங்குகின்றது; மூலக்கூறுகள் ஏற்பிகளை அடைவதற்கு அவகாசம் கிடைக்கின்றது. மிமி கோல் முதலானோர் 2001 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்கியது.

மோப்ப மயிர்கள் தவிர, கால்கள், கொடுக்குகள், வாயுறுப்புகள் ஆகியவற்றிலும் வேதியுணர் மயிர்கள் பரவியுள்ளன. நண்டு தன் கால் நுனியாலேயே உணவைச் சுவைத்தறிய வல்லது. சில இனங்களில் இணையை உறுதிசெய்வதற்குத் தொடுகையின் வழியாக அறியப்படும் பொருட்கள் பயன்படுகின்றன.

மூலக்கூற்று அளவிலும் இவ்விலங்குகள் பூச்சிகளிலிருந்து வேறுபடுகின்றன. டாப்னியா புலெக்ஸ் என்னும் நன்னீர்ச் சிற்றுயிரியின் மரபணுத்தொகுதி 2011 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. பூச்சிகளில் காணப்படும் மோப்ப ஏற்பிக் குடும்பம் அதில் காணப்படவில்லை. ஓடுடைய கணுக்காலிகளின் மோப்பம் பெரும்பாலும் அயனித்தட ஏற்பிகள் என்னும் பழமையான புரதக் குடும்பத்தைச் சார்ந்துள்ளது.

செய்தியை வெளியிடும் முறை

நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றின் கழிவு உறுப்பு தலையில் அமைந்துள்ளது. இது உணர்கொம்புச் சுரப்பி எனப்படும். இதன் துளைகள் இரண்டாம் சோடி உணர்கொம்புகளின் அடியில், முகத்துக்கு அருகில் திறக்கின்றன. ஆகவே இவ்விலங்குகள் எதிரே நிற்கும் விலங்கை நோக்கிச் சிறுநீரைச் செலுத்த இயலும்.

செவுள் அறையிலிருந்து வெளிவரும் நீர், தாரையாக முன்னோக்கிப் பாய்கின்றது. சிறுநீர் இத்தாரையில் கலந்து பல உடல் நீளங்கள் தொலைவுக்குச் செல்கின்றது. வாயருகே உள்ள விசிறி போன்ற உறுப்புகள் இத்தாரையின் திசையை மாற்றவும், எதிரிலிருந்து வரும் நீரைத் தன் உணர்கொம்புகளை நோக்கி இழுக்கவும் உதவுகின்றன. சிறுநீர் இடையறாது கசிவதில்லை. விலங்கு அதனைத் தேக்கி வைத்து வேண்டியபோது வெளிவிடுகின்றது. எப்போது சொல்வது, எப்போது சொல்லாதிருப்பது என்பது இவ்வாறு விலங்கின் கட்டுப்பாட்டில் உள்ளது.

ஒளிரும் சாயத்தை நன்னீர்ச் சிங்கி இறால்களின் உடலில் செலுத்தி, அவை சிறுநீர் வெளியிடும் தருணங்களைத் தாமஸ் பிரெய்த்தாப்ட்டும் உடன் ஆய்வாளரும் பதிவு செய்தனர். 2002 ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வின்படி, சிறுநீர் வெளியீடு மற்றொரு விலங்குடன் மோதும் வேளைகளிலேயே மிகுதியாக நிகழ்கின்றது. தாக்கும் செயலுடன் அது இணைந்துள்ளது.

தோலுரிப்பும் இணைசேர்தலும்

ஓடுடைய கணுக்காலிகளின் மேலோடு வளர்வதில்லை. விலங்கு வளர வேண்டுமாயின் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதியதை ஆக்கிக்கொள்ள வேண்டும். புதிய ஓடு கடினமாகும் வரை உடல் மென்மையாக இருக்கும். அந்நேரத்தில் கொடுக்கால் கடிக்கவோ விரைந்து ஓடவோ இயலாது. தன் இனத்தைச் சேர்ந்த விலங்குகளே அதனைத் தின்றுவிடக்கூடும்.

பல இனங்களில் பெண் விலங்கு இந்த மென்மையான நிலையிலேயே இணைசேர இயலும். இதனால் ஒரு சிக்கல் எழுகின்றது. ஆண் விலங்கு உரிய வேளையில் அருகில் இருத்தல் வேண்டும். ஆனால் அது பெண்ணை இரையாகக் கொள்ளாமலும் இருத்தல் வேண்டும். பெண் விலங்கு வெளியிடும் வேதிச் செய்தி இவ்விரண்டு தேவைகளையும் நிறைவேற்றுகின்றது: ஆணை வரவழைக்கின்றது, அதன் தாக்கும் இயல்பையும் தணிக்கின்றது.

மூன்று புள்ளி நண்டு

பத்துக்காலிகளில் பால் பெரோமோன் உள்ளது என்பதற்கு முதன்மையான சான்றை எட்வர்ட் ரயன் 1966 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் ஹவாயில் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இனம் போர்ட்டுனஸ் சங்குயினோலென்டஸ் ஆகும். முதுகோட்டின் பின்பகுதியில் மூன்று செந்நிறப் புள்ளிகளைக் கொண்ட இந்நண்டு இந்திய, இலங்கைக் கடற்கரைகளிலும் பரவலாகப் பிடிக்கப்படுகின்றது.

தோலுரிக்கும் தறுவாயில் இருந்த பெண் நண்டின் தொட்டியிலிருந்து எடுத்த நீரை ஆண் நண்டின் தொட்டியில் சேர்த்தபோது, ஆண் நண்டு கால் நுனிகளில் உடலை உயர்த்திக் கொடுக்குகளை விரித்துத் தேடத் தொடங்கியது. பெண் நண்டின் கழிவுத் துளைகளை அடைத்தபின் எடுத்த நீருக்கு இவ்விளைவு இல்லை. பெண்ணைக் காணாமலேயே ஆண் கிளர்ச்சியுற்றதனால் செய்தி வேதிப்பொருளாலானது என்பதும், அது சிறுநீரில் உள்ளது என்பதும் உறுதியாயின.

நீல நண்டு

வட அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையில் வாழும் நீல நண்டில் ஆண், தோலுரிக்கவிருக்கும் பெண்ணைத் தன் உடலின் கீழே அணைத்துச் சுமந்து திரிகின்றது. பெண் தோலுரித்ததும் இணைசேர்தல் நிகழ்கின்றது. ஓடு கடினமாகும் வரை ஆணின் அணைப்புத் தொடர்கின்றது. இவ்வினத்தில் ஆணும் செய்தி அனுப்புகின்றது. பெண் மறைவிடத்துக்குள் இருந்து ஆணால் எட்ட இயலாதபோது, ஆண் ஓரிடத்தில் நின்று துடுப்புப் போன்ற பின்கால்களை அசைத்துத் தன் மணத்தைப் பெண்ணிடம் செலுத்துகின்றது.

கரை நண்டும் யூரிடின் டைபாஸ்பேட்டும்

ஐரோப்பாவின் கரை நண்டான கார்சினஸ் மேனாஸ், பெரோமோனின் மூலக்கூறு அடையாளம் காணப்பட்ட மிகச் சில இனங்களுள் ஒன்றாகும். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோர்க் ஹார்டகேயும் அவருடைய குழுவினரும், பெண் நண்டின் பெரோமோன் யூரிடின் டைபாஸ்பேட் என்னும் நியூக்ளியோட்டைடு என 2011 ஆம் ஆண்டில் அறிவித்தனர். இப்பொருள் பூசப்பட்ட உயிரற்ற பொருட்களையும் ஆண் நண்டுகள் இணையாகக் கருதி அணைக்க முயன்றன.

இம்மூலக்கூறு எவ்வாறு தோன்றுகின்றது என்பது குறிப்பிடத்தக்கது. நண்டின் ஓடு கைட்டின் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலியால் ஆனது. ஒவ்வொரு சர்க்கரை அலகையும் யூரிடின் டைபாஸ்பேட் சுமந்து வந்து சங்கிலியில் சேர்க்கின்றது. அலகைச் சேர்த்தபின் யூரிடின் டைபாஸ்பேட் தனித்து எஞ்சுகின்றது. பெண் நண்டு புதிய ஓட்டைக் கட்டும் காலத்தில் இது மிகுதியாக உருவாகின்றது. ஆண் உணர்வது காதல் அழைப்புக்கெனத் தனியே தயாரிக்கப்பட்ட மணத்தை அன்று. ஓடு கட்டும் வேலையில் மிஞ்சிய பொருளையே அது உணர்கின்றது. ஓடு கட்டாத பெண்ணிடம் இப்பொருள் மிகுதியாக இராது. ஆதலால் இச்செய்தியில் பொய்க்கு இடம் குறைவு.

அமெரிக்கச் சிங்கி இறால்

ஹோமாரஸ் அமெரிக்கானஸ் என்னும் அமெரிக்கச் சிங்கி இறாலின் நடத்தையை ஜெல்லே அட்டெமா முதலானோர் வூட்ஸ் ஹோலில் நெடுங்காலம் ஆய்ந்தனர். இவ்வினத்தில் பெண்ணே ஆணைத் தேர்ந்தெடுக்கின்றது. அப்பகுதியில் வலிமை மிக்க ஆணின் வளையை அது நாடிச் சென்று, வாயிலில் நின்று தன் சிறுநீரை உள்ளே செலுத்துகின்றது. பிற விலங்குகளை விரட்டும் அவ்வாண், படிப்படியாகத் தணிந்து பெண்ணை உள்ளே அனுமதிக்கின்றது. பெண் அவ்வளையிலேயே தோலுரிக்கின்றது. சிறிது நேரத்தில் இணைசேர்தல் நிகழ்கின்றது. ஓடு ஓரளவு கடினமாகும் வரை, ஏறத்தாழ ஒரு வாரம், ஆணின் காவலில் இருந்துவிட்டுப் பெண் வெளியேறுகின்றது. அதன்பின் மற்றொரு பெண் அவ்வளைக்கு வருவதுண்டு.

நன்னீர்ச் சிங்கி இறால்

எல்லா இனங்களிலும் பெண்ணின் செய்தி ஆணைத் தணிப்பதாக அமைவதில்லை. வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பாசிபாஸ்டகஸ் லெனியூஸ்குலஸ் என்னும் நன்னீர்ச் சிங்கி இறாலில், பெண் ஆணுடன் போரிட்டுக்கொண்டே சிறுநீரை வெளியிடுகின்றது. அதனை உணர்ந்த ஆண் இணைசேர முயல்கின்றது. ஆனால் அம்முயற்சியின்போது ஆண் தன் சிறுநீரை நிறுத்திக்கொள்கின்றது. ஆணின் சிறுநீர் போருக்கான அறிவிப்பாக அமைவதால், அதனை அடக்குவது பெண்ணின் எதிர்ப்பைக் குறைக்க உதவும் என விளக்கப்படுகின்றது. பெண்ணின் சிறுநீரைத் தடுத்தபோது ஆண்கள் இணைசேர முயலவில்லை. பெரியும் பிரெய்த்தாப்ட்டும் 2010 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகள் இவை.

துடுப்புக்காலிகள்

துடுப்புக்காலிகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவேயான மிதவை உயிரிகள். இவற்றுக்குப் பெருங்கடலில் இணையைச் சந்திக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. டெமோரா லாங்கிகார்னிஸ் என்னும் இனத்தில் பெண் நீந்திச் செல்லும்போது அதன் பின்னே மணத்தடம் ஒன்று நூல்போல் எஞ்சி நிற்கின்றது. அதனைக் குறுக்கிடும் ஆண், தடத்தின் வளைவு நெளிவுகளை அப்படியே பின்பற்றி விரைந்து பெண்ணை அடைகின்றது. ஏறத்தாழ 10 வினாடிகள் பழமையான தடத்தையும், 10 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவுக்கும் ஆண் பின்தொடர்ந்தமை 1998 ஆம் ஆண்டில் வெளியான ஒளிப்பதிவு ஆய்வுகளில் தெரியவந்தது. சில வேளைகளில் ஆண் தவறான திசையில் சென்று, பின்னர் திரும்பி வருவதும் உண்டு.

இவ்வளவு சிறிய அளவில் நீர் பிசுபிசுப்பு மிக்க பாய்மம் போல் செயல்படுவதால் கலக்கம் குறைவு. ஆகவே தடம் சிறிது நேரம் கலையாமல் நிலைக்கின்றது.

சண்டையும் தரவரிசையும்

வளைக்காகவும் இணைக்காகவும் சிங்கி இறால்கள் சண்டையிடுகின்றன. கொடுக்குகள் வலிமையானவை ஆகையால் சண்டை நீண்டால் இரு விலங்குகளுக்கும் காயம் ஏற்படும். ஒருமுறை தோற்ற விலங்கு அதே எதிராளியை மீண்டும் சந்திக்கும்போது விரைவில் விலகிவிடுகின்றது. இதனால் இரண்டாம் சண்டை மிகக் குறுகியதாக அமைகின்றது.

கிறிஸ்டி கரவானிச், ஜெல்லே அட்டெமா ஆகியோர் 1998 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சிறுநீர் எதிராளியை அடையாமல் தடுக்கப்பட்டபோது இரண்டாம் சண்டை குறுகவில்லை. தன்னை வென்ற விலங்கைத் தோற்ற விலங்கு சிறுநீரின் மணத்தால் தனித்தனியே அடையாளம் காண்கின்றது என்பதை இது காட்டியது. தனியே பிரித்து வைத்தாலும் ஓரிரு வாரங்கள் வரை இந்நினைவு நிலைக்கின்றது. சண்டை முடிந்தபின் வென்ற விலங்கு சிறுநீர் வெளியிடுவதைத் தொடர்கின்றது; தோற்றது நிறுத்திவிடுகின்றது.

முட்டை பொரித்தலும் இளம் உயிரிகளை விடுவித்தலும்

பெண் நண்டு முட்டைகளைத் தன் வயிற்று மடிப்பின் கீழ்ச் சுமக்கின்றது. முட்டைகள் ஒரே வேளையில் பொரிந்து, கொன்றுண்ணிகள் குறைந்த நேரத்தில் இளம் உயிரிகள் நீரோட்டத்தில் சேர்வது அவற்றின் பிழைப்புக்கு உகந்தது. ரித்ரோபனோபியஸ் ஹாரிசி என்னும் சிறு நண்டில், பொரியத் தொடங்கும் முட்டைகளிலிருந்து சிறு பெப்டைடுகள் கசிகின்றன. அவற்றை உணர்ந்த தாய் நண்டு வயிற்று மடிப்பை வேகமாக முன்னும் பின்னும் அசைக்கின்றது. இவ்வசைவு எஞ்சிய முட்டைகளையும் உடைத்து இளம் உயிரிகளை ஒருங்கே வெளியேற்றுகின்றது. தாய்க்கும் முட்டைகளுக்கும் இடையே நிகழும் தொடர்பாடலாக இது கருதப்படுகின்றது.

கூடி வாழ்தல்

கொட்டலசுகளின் குடியேற்றம்

கொட்டலசுகள் பாறைகளிலும் மரத்தூண்களிலும் கப்பல்களின் அடிப்பாகத்திலும் ஒட்டி வாழ்கின்றன. சுண்ணாம்பு ஓட்டினால் இவை சிப்பி இனம்போல் தோன்றினாலும் ஓடுடைய கணுக்காலிகளே ஆகும். வளர்ந்த கொட்டலசு இடம்பெயர இயலாது. அருகிலுள்ள கொட்டலசை நோக்கித் தன் நீண்ட புணர்ச்சி உறுப்பை நீட்டியே பெரும்பாலான இனங்கள் இணைசேர்கின்றன. எனவே நீந்தித் திரியும் இளம் உயிரி தன் இனத்தார் இல்லாத இடத்தில் ஒட்டிக்கொண்டால் அதற்குச் சந்ததி இல்லாமற் போகக்கூடும்.

இளம் உயிரிகள் தம் இனத்தார் இருக்கும் இடத்தையே நாடுகின்றன என்பதை நைட்-ஜோன்ஸ் 1950களில் நிறுவினார். வளர்ந்த கொட்டலசின் ஓட்டில் உள்ள புரதமே இச்செய்தியைத் தருகின்றது எனப் பின்னர் கண்டறியப்பட்டது. இது நீரில் பரவும் மணம் அன்று. இளம் உயிரி தன் உணர்கொம்புகளால் பரப்பின் மீது நடந்து தொட்டறியும் பொருளாகும். நடக்கும்போது அது விட்டுச்செல்லும் பசைத் தடங்களும் பின்னர் வரும் இளம் உயிரிகளைக் கவர்கின்றன.

முட்சிங்கி இறாலும் நோயும்

கரிபியன் முட்சிங்கி இறால்கள் பகலில் பாறை இடுக்குகளில் கூடி வாழ்கின்றன. தம் இனத்தாரின் சிறுநீர் மணமே அவற்றை ஒரே இடுக்குக்கு வரவழைக்கின்றது. ஆயினும் கூடி வாழும் விலங்குகளிடையே நோய் எளிதில் பரவும். 2000 ஆம் ஆண்டளவில் புளோரிடாவில் இவ்வினத்தைத் தாக்கும் பி.ஏ.வி.1 என்னும் தீநுண்மம் அறியப்பட்டது. இது குறிப்பாக இளம் இறால்களைக் கொல்கின்றது. நலமான இறால்கள் நோயுற்ற இறால்களுடன் இடுக்கைப் பகிர்ந்துகொள்வதில்லை என்றும், நோயுற்றது தொற்றைப் பரப்பும் நிலையை அடைவதற்கு முன்னரே அவை விலகுகின்றன என்றும் 2006 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. நோயுற்ற இறாலின் சிறுநீரே இவ்விலகலுக்குக் காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. கூட்டும் மணமும் விலக்கும் மணமும் இவ்வாறு ஒரே வழியில் வெளியாகின்றன.

ஆபத்தை அறிதல்

காயமுற்ற விலங்கின் உடலிலிருந்து கசியும் குருதிநிணநீர் பல இனங்களில் எச்சரிக்கையாக அமைகின்றது. அதனை உணரும் விலங்குகள் அசைவற்று நிற்கின்றன அல்லது வளையை விட்டு அகல்கின்றன. துறவி நண்டுகளில் நிலை வேறு. இறந்த துறவி நண்டின் மணம் வெற்றுச் சங்கு ஒன்று கிடைக்கும் என்பதை உணர்த்துகின்றது. நிலத்தில் வாழும் துறவி நண்டுகள் தம் இனத்தாரின் இறந்த உடல் மணத்தை நோக்கி விரைந்து கூடுகின்றன. மரணத்தின் மணம் ஓரினத்துக்கு அச்சத்தையும் மற்றோர் இனத்துக்கு வீட்டையும் குறிக்கின்றது.

டாப்னியாக்கள் கொன்றுண்ணியின் மணத்துக்கேற்பத் தம் உடலையும் நடத்தையையும் மாற்றிக்கொள்கின்றன. கயோபோரஸ் என்னும் கொசுவையொத்த பூச்சியின் இளம் உயிரிகள் உள்ள நீரில் வளரும் டாப்னியாக்களின் கழுத்தில் முட்கள் தோன்றுகின்றன. இதனால் அவற்றை விழுங்குவது கடினமாகின்றது. இதற்குக் காரணமான பொருட்கள் குளூட்டமினுடன் இணைந்த கொழுப்பமிலங்கள் என 2018 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. மீன்கள் உள்ள நீரில் டாப்னியாக்கள் பகலில் ஆழத்துக்குச் சென்று இரவில் மேலே வருகின்றன. இதனைத் தூண்டும் பொருள் மீனின் பித்தநீரில் உள்ள சிப்ரினால் சல்பேட் என 2019 ஆம் ஆண்டில் அறியப்பட்டது. இப்பொருட்கள் கொன்றுண்ணிகளின் செரிமானத்துடன் தொடர்புடையவை. எனவே அவை இவற்றை வெளியிடாமல் இருப்பது எளிதன்று.

மூலக்கூறுகளை அடையாளம் காண்பதில் உள்ள இடர்கள்

பட்டுப்பூச்சியின் பெரோமோனான பாம்பிகால் 1959 ஆம் ஆண்டிலேயே அடையாளம் காணப்பட்டது. அதன்பின் பூச்சிகளில் மிகப் பல பெரோமோன்கள் அறியப்பட்டன. ஓடுடைய கணுக்காலிகளில் பெரோமோன்கள் உண்டு என்பதற்குச் சான்றுகள் ஏராளமாக இருந்தும், மூலக்கூற்று அளவில் உறுதியானவை மிகச் சிலவே. இதற்குப் பல காரணங்கள் உள்ளன.

முதலாவது, பூச்சிகளில் உள்ளது போன்ற தனிப் பெரோமோன் சுரப்பி பல இனங்களில் அறியப்படவில்லை. சிறுநீரில் கலந்துள்ள எண்ணற்ற பொருட்களுக்கு நடுவே செய்திப் பொருளைப் பிரித்தெடுக்க வேண்டியுள்ளது. இரண்டாவது, இப்பொருட்கள் சிறியவை, நீரில் எளிதில் கரைபவை. உப்பு மிகுந்த கடல்நீரிலிருந்து அவற்றைப் பிரிப்பது கடினம். மூன்றாவது, பல சமயங்களில் ஒரு பொருள் மட்டுமன்றிக் குறிப்பிட்ட விகிதத்தில் அமைந்த கலவையே செய்தியாக அமைகின்றது. நான்காவது, விலங்கின் நடத்தை காலம், பசி, தோலுரிப்பு நிலை ஆகியவற்றுக்கேற்ப மாறுவதால் சோதனை முடிவுகள் எளிதில் வேறுபடுகின்றன.

இதற்கு எடுத்துக்காட்டாக ஒரு கருதுகோளைக் குறிப்பிடலாம். தோலுரிப்பைத் தூண்டும் 20-ஹைட்ராக்சி எக்டைசோன் என்னும் இயக்குநீரே பால் பெரோமோனாகவும் செயல்படுகின்றது என 1971 ஆம் ஆண்டில் கிட்ரெட்ஜ் முதலானோர் முன்மொழிந்தனர். தோலுரிப்பும் இணைசேர்தலும் இணைந்து நிகழ்வதால் இக்கருத்துப் பொருத்தமாகத் தோன்றியது. ஆயினும் பிற்கால ஆய்வுகள் பல இனங்களில் இதனை உறுதிப்படுத்தவில்லை.

சூழல் மாற்றங்களின் தாக்கம்

வேதிச் செய்தியை நம்பி வாழும் விலங்குகளுக்கு நீரின் வேதியியல் மாறுவது பெரும் இடராகும். கண்ணுக்குத் தெரியும் இறப்பு எதுவும் நிகழாமலேயே, உணவையும் இணையையும் கண்டறிய இயலாத நிலை ஏற்படக்கூடும்.

செம்பு போன்ற உலோகங்களும் சில களைக்கொல்லிகளும், கொல்லும் அளவை விடக் குறைந்த செறிவிலேயே நன்னீர்ச் சிங்கி இறால்களின் மோப்பத்தைக் குறைக்கின்றன. அத்தகைய நீரில் அவை உணவின் மணத்தைப் பின்பற்ற இயலாமல் தடுமாறுகின்றன.

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மிகுதியாகக் கரைவதால் கடல்நீரின் அமிலத்தன்மை உயர்ந்து வருகின்றது. தொழிற்புரட்சிக்கு முற்பட்ட காலத்துடன் ஒப்பிடுகையில் மேற்பரப்புக் கடல்நீரின் பி.எச் மதிப்பு ஏறத்தாழ 0.1 குறைந்துள்ளது. இம்மதிப்பு மடக்கை அளவீடு ஆதலால், ஐதரசன் அயனிச் செறிவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடியுள்ளது என்பது இதன் பொருள். பி.எச் குறைக்கப்பட்ட நீரில் வைத்த துறவி நண்டுகள் தம் உணர்கொம்புகளைக் குறைவாகவே உதறின. உணவைக் கண்டறிவதிலும் பின்தங்கின. இதில் விலங்கு மட்டுமன்றிச் செய்தியும் மாறுகின்றது. முட்டைகளைப் பேணும் கரை நண்டு உணரும் பெப்டைடுகளின் மின்னூட்டமும் வடிவமும் அமிலத்தன்மை கூடும்போது மாறுகின்றன என 2016 ஆம் ஆண்டில் ஹல் பல்கலைக்கழகக் குழுவினர் காட்டினர். பூட்டு மாறாவிடினும் சாவி மாறிவிட்டால் கதவு திறக்காது என்பதை இதற்கு ஒப்பிடலாம்.

பயன்பாடுகள்

வட அமெரிக்க நன்னீர்ச் சிங்கி இறால்கள் ஐரோப்பிய நீர்நிலைகளில் விடப்பட்டன. அவை சுமந்து செல்லும் பூஞ்சையை ஒத்த நோய்க்கிருமி உள்நாட்டு இனங்களைப் பெருமளவில் அழித்தது. இவற்றின் ஆண்களைப் பெண்ணின் மணத்தால் கவர்ந்து பிடிக்கும் பொறிகள் சோதிக்கப்பட்டுள்ளன. பிற இனங்களைத் துன்புறுத்தாதது இம்முறையின் சிறப்பு. ஆயினும் உணவு இரை வைத்த பொறிகளுக்கு மாற்றாக அமையும் அளவுக்கு இது இன்னும் வளரவில்லை.

கப்பல்களில் கொட்டலசுகள் ஒட்டுவதால் நீரின் தடை கூடி எரிபொருட் செலவு மிகுகின்றது. இதனைத் தடுக்கப் பயன்பட்ட டிரைபியூட்டைல் தகரச் சேர்மம் கலந்த வண்ணப்பூச்சு, கடல் நத்தைகளின் இனப்பெருக்கத்தைச் சிதைத்தது. அதனைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 2001 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு 2008 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இளம் கொட்டலசுகளைக் கொல்லாமல், குடியேற்றச் செய்தியை மட்டும் தடுக்கும் பூச்சுகளை உருவாக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன.

இறால், நண்டு வளர்ப்பிலும் இவ்வறிவு பயன்படத்தக்கது. தோலுரித்த விலங்கைப் பிற விலங்குகள் தின்றுவிடுவது வளர்ப்புக் குளங்களில் பெரும் இழப்பை உண்டாக்குகின்றது. குளங்களில் மறைவிடங்கள் அமைப்பது இவ்விழப்பைக் குறைக்கும் எளிய வழிகளுள் ஒன்றாகும்.

இத்துறையின் ஆய்வுகளைத் தொகுத்து, தாமஸ் பிரெய்த்தாப்ட், மார்ட்டின் தீல் ஆகியோர் பதிப்பித்த நூல் 2011 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இவற்றையும் பார்க்கவும்

ஓடுடைய கணுக்காலி
பெரோமோன்
தோலுரித்தல்
கைட்டின்
கொட்டலசு
பெருங்கடல் அமிலமாதல்